கண்ணுக்கான லூட்டீன் மாத்திரை: இரண்டு டப்பாக்களும் ஒரு கீரைக்கட்டும்

என் அம்மாவுக்கு வயது 71. வாடிப்பட்டிக்குப் பக்கத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டிலேயே அப்பாவோடு இருக்கிறார். சென்ற ஆண்டு தை மாதம், கண்ணாடியைப் போட்டாலும் காலண்டரில் நல்ல நேரம் பார்க்க முடியவில்லை என்று சொன்னார். கண்ணாடியை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்து மதுரைக்கு அழைத்து வந்தேன். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த மருத்துவர், விழித்திரையின் அடுக்குகளைக் காட்டும் ஓ.சி.டி. ஸ்கேனும் எடுத்த பிறகு, இரண்டு கண்ணிலும் மாகுலா என்னும் நடுப்பகுதிக்கு அடியில் மஞ்சள் படிவுகள் சேர்ந்திருப்பதாகவும், வயது சார்ந்த மாகுலா சிதைவில் இது உலர் வகையின் இடைநிலை என்றும் சொன்னார். புதுக் கண்ணாடியோடு, கீரையில் இருக்கும் லூட்டீன் என்ற மஞ்சள் நிறப் பொருள் சேர்த்த ஒரு சத்து மாத்திரையையும் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரை என்று நம்பி ஓராண்டில் நான் வாங்கிய இரண்டு டப்பாக்களைப் பற்றியும், அதே காலத்தில் அம்மாவின் சமையலில் செய்த மாற்றங்களைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன்.

டப்பாக்களின் பெயரை எழுதப்போவதில்லை. முதல் டப்பாவில் நான் கண்ட குறை, பிறகு அதே கடைத் தட்டில் எடுத்துப் பார்த்த வேறு நான்கு டப்பாக்களிலும் இருந்தது. பெயரை மட்டும் தெரிந்துகொண்டு போனால் ஒன்றைத் தவிர்த்து அதே போன்ற இன்னொன்றை வாங்கி வருவோம். பின்பக்க எழுத்தைப் படிக்கத் தெரிந்தால் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டோம்.

நோயைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மாத்திரையைப் பற்றிச் சொல்ல முடியாது. மாகுலா என்பது விழித்திரையின் நடுவில் உள்ள மிகச் சிறிய இடம். ஊசியில் நூல் கோப்பதும், பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிப்பதும், எதிரில் வருபவர் யாரென்று முகம் பார்த்து அறிவதும் அந்த இடத்தின் வேலை. அது சிதைந்தால் ஓரப் பார்வை மிஞ்சியிருக்கும். நடுவில் மட்டும் மங்கலாகவோ இருட்டாகவோ ஒரு திட்டு நிற்கும். என் அம்மாச்சி கடைசி ஆறேழு ஆண்டுகள் எங்களைக் குரலை வைத்தும், கன்னத்தைத் தடவியும்தான் அடையாளம் கண்டார். கண்புரை அறுவை செய்த பிறகும் பார்வை திரும்பாததால் “வயசானா அப்படித்தான்” என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். அவருக்கு என்ன நோய் என்று இப்போது யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அம்மாவின் ஸ்கேன் படத்தைப் பார்த்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அம்மாச்சியின் கைகள்தான். இந்த நோய் குடும்பவழியில் வரும் வாய்ப்பும் உண்டு என்பதால், இது என் கண்ணைப் பற்றிய கவலையும் கூட.

மருத்துவர் எழுதிய மாத்திரை ஊரில் கிடைக்கவில்லை. மருந்துக் கடைக்காரர் வேறொரு டப்பாவை எடுத்து வைத்து, “இதுவும் அதேதாம்மா, கண்ணுக்குத்தான், நல்லா போகுது” என்றார். முப்பது மாத்திரை, அறுநூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டப்பாவின் முகப்பில் பச்சைக் கீரையும் கேரட்டும் ஒரு பெரிய நீலக் கண்ணும் அச்சடித்திருந்தார்கள். விழித்திரையைக் காக்கும், கண்புரையைத் தள்ளிப்போடும், கண் சோர்வை நீக்கும், செல்பேசி வெளிச்சத்திலிருந்து பாதுகாக்கும் என்று நான்கு உறுதிமொழிகள் இருந்தன. நான்கு மாதங்கள் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கினேன்.

ஐந்தாம் மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் டப்பாவைக் கேட்டார். பின்பக்க எழுத்து எனக்கே படிக்க முடியாத அளவுக்குச் சிறியது. செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கித்தான் இருவரும் படித்தோம். ஒரு நாள் அளவில் லூட்டீன் 5 மில்லிகிராம், அதே வகைப் பொருளான சீயாசாந்தின் 1, வைட்டமின் சி 40, துத்தநாகம் 12, வைட்டமின் ஈ பெயருக்குக் கொஞ்சம், கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் 5 மில்லிகிராம், அதோடு ஏதோ ஒரு பழச்சாற்றின் சத்து. கீழே, மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வரி. அவர் எழுதிக் கொடுத்திருந்ததோ லூட்டீன் 10 மில்லிகிராம், சீயாசாந்தின் 2, வைட்டமின் சி 500, வைட்டமின் ஈ 400 யூனிட், துத்தநாகம் 80, தாமிரம் 2. பீட்டா கரோட்டின் கூடாது என்று தனியாகக் குறிப்பும் இருந்தது. கடைக்காரர் சொன்ன “அதேதான்” என்ற சொல்லுக்கும் அந்தச் சீட்டுக்கும் இருந்த தூரம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த எண்கள் யாரோ மனம்போன போக்கில் எழுதியவை அல்ல. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் 1990களில் தொடங்கி, 55 முதல் 80 வயது வரையுள்ள 4,757 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ‘ஏரெட்ஸ்’ என்ற ஆய்வின் முடிவு 2001ல் வெளியானது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட அதிக அளவில் சேர்த்துச் சாப்பிட்டவர்களில், நோய் இடைநிலையில் இருந்தவர்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் முற்றியிருந்தவர்களுக்கும், முற்றிய நிலைக்குப் போகும் வாய்ப்பு ஐந்தாண்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இந்த நான்கில் ஒரு பங்கு என்ற சொல் பெரிதாகக் கேட்கும். அதைத் தலைக்கணக்கில் சொன்னால், வெற்று மாத்திரை சாப்பிட்ட நூறு பேரில் 28 பேருக்கு ஐந்தாண்டில் நோய் முற்றியது என்றால், முழுக் கலவையைச் சாப்பிட்ட நூறு பேரில் 20 பேருக்கு முற்றியது. நூறில் எட்டுப் பேரின் பார்வை சிறிய விஷயம் இல்லை. என் அம்மா அந்த எட்டில் ஒருவராக இருக்கலாம் என்பதற்காகத்தான் இன்றும் மாத்திரை வாங்குகிறேன். அதே நேரத்தில், நோயே இல்லாதவர்களுக்கும், மிகத் தொடக்க நிலையில் இருந்தவர்களுக்கும் இந்தக் கலவையால் பயன் காணப்படவில்லை. இதை எந்த டப்பாவின் முகப்பிலும் நான் படிக்கவில்லை.

இப்போது பீட்டா கரோட்டினுக்கு வருகிறேன், ஏனென்றால் என் மனத்தை அதிகம் வருத்தியது அதுதான். என் அப்பாவுக்கு 77 வயது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பீடி குடித்தவர்; நிறுத்திப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் கண்ணில் இந்த நோய் இல்லை. ஆனால் “கண்ணுக்கு நல்லதுதானே, நீங்களும் ஒண்ணு போடுங்க” என்று அம்மா தினமும் தன் டப்பாவிலிருந்தே ஒன்றை எடுத்து அவருக்கும் கொடுத்து வந்திருக்கிறார். டப்பா மாதம் முடியும் முன்னே தீர்ந்துபோவதை நான் கவனிக்காமல் இருந்தது என் தவறு. பின்லாந்தில் 1994லும் அமெரிக்காவில் 1996லும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், புகைப்பிடிப்பவர்களுக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தபோது நுரையீரல் புற்றுநோய் குறையும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, அதிகமாகியது. அதனால்தான் 2013ல் முடிவு வெளியான இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வு, ஒரு பிரிவினருக்கு மட்டும் பீட்டா கரோட்டினை நீக்கிவிட்டு லூட்டீனையும் சீயாசாந்தினையும் வைத்துப் பார்த்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களை மேலும் தொடர்ந்து பார்த்துப் பத்தாண்டு முடிவை 2022ல் வெளியிட்டார்கள்: புகைப்பழக்கம் உள்ளவர்களிலும் முன்பு இருந்தவர்களிலும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயின் வாய்ப்பை ஏறத்தாழ இரு மடங்காக்கியிருந்தது, லூட்டீன் அப்படிச் செய்யவில்லை, கண்ணுக்கும் லூட்டீனே மேலாக இருந்தது. அந்த ஆய்வுகளில் கொடுத்தது நாளொன்றுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரை. எங்கள் டப்பாவில் இருந்தது 5. எனவே நான்கு மாதத்தில் அப்பாவுக்குக் கேடு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் துளியும் தேவையில்லாத, அவரைப் போன்றவர்கள் தவிர்க்க வேண்டிய ஒரு பொருளை, நன்மை என்று நினைத்து நாங்களே கையில் கொடுத்திருக்கிறோம். பீடி குடித்தவர்கள் இல்லாத வீடு நம் ஊர்ப்பக்கம் எத்தனை இருக்கும்? “புகைப்பழக்கம் உள்ளவர்களும் இருந்தவர்களும் சாப்பிட வேண்டாம்” என்ற ஒரு வரியை அந்தக் கேரட் படத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

இரண்டாவது டப்பாவை மதுரையில் மூன்று கடைகளில் கேட்டு, நான்காவது கடையில் சொல்லிவைத்து வாங்கினேன். மாதத்துக்கு ஏறத்தாழ 1,300 ரூபாய் ஆகிறது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. மாத்திரை பெரியது, பேரீச்சங்கொட்டை அளவு இருக்கும். அம்மாவுக்கு முதல் வாரம் விழுங்கவே சிரமமாக இருந்தது. வெறும் வயிற்றில் போட்ட அன்று குமட்டல் வந்தது. துத்தநாகம் இந்த அளவில் இருந்தால் சிலருக்கு அப்படி ஆகும் என்றும், இரண்டு வேளையும் சாப்பாட்டுக்குப் பிறகே போட வேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார். இட்லி சாப்பிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் போடத் தொடங்கியபின் அந்தத் தொல்லை இல்லை. உடன் சேர்க்கும் தாமிரத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது: துத்தநாகத்தை நாள்பட அதிகமாகச் சாப்பிட்டால் உடல் தாமிரத்தைச் சரியாக ஏற்காமல் ரத்தசோகை வரக்கூடும். தாமிரம் இல்லாமல் துத்தநாகம் மட்டும் ஏற்றிய டப்பாவும் கடையில் இருந்தது. அதையும் திருப்பி வைத்தேன். ஏற்கெனவே வேறு சத்து மாத்திரை எதுவும் போடுகிறாரா என்றும் மருத்துவர் கேட்டார். உடம்பு அசதிக்கென்று அம்மா போட்டுக்கொண்டிருந்த இன்னொரு மாத்திரையிலும் துத்தநாகம் இருந்ததால் அதை நிறுத்தச் சொன்னார்.

இந்த இரண்டாவது டப்பாவால் பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகச் சொல்கிறேன்: கண்ணால் காணக்கூடிய பலன் எதுவும் இல்லை, எதிர்பார்க்கவும் கூடாது. இது பார்வையைக் கூட்டும் மருந்து அன்று. நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கலாம் என்பது மட்டுமே அதன் வேலை. எட்டு மாதத்தில் அம்மாவின் ஸ்கேன் பெரிதாக மாறவில்லை. அது மாத்திரையாலா, இயல்பாகவே இந்தக் காலத்தில் மாறாமல் இருந்திருக்குமா என்பதை ஒருவர் அனுபவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. “ஒரே மாதத்தில் கண்ணாடி இல்லாமல் படிக்கிறேன்” என்று எழுதும் பாராட்டுகளை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். கண்ணை உண்மையில் காவல் காப்பது, மருத்துவர் கொடுத்த கட்டம் போட்ட அட்டை. ஆம்ஸ்லர் கட்டம் என்பார்கள். அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி, அம்மா தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு கண்ணைக் கையால் மூடி நடுப்புள்ளியைப் பார்ப்பார். பிறகு அடுத்த கண். கோடுகள் நெளிந்தோ உடைந்தோ தெரிந்தால் நோய் ஈர வகைக்கு மாறி, விழித்திரைக்கு அடியில் ரத்தமோ நீரோ கசிகிறது என்று பொருள் கொண்டு அன்றே புறப்பட வேண்டும். அதற்குக் கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. நாள் கடத்தினால் அந்த ஊசியாலும் இழந்த பார்வையை முழுதாக மீட்க முடியாது.

முகப்பில் இருந்த கண்புரை உறுதிமொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரெட்ஸ் ஆய்வில் வைட்டமின்கள் கண்புரையைத் தடுக்கவில்லை. அமெரிக்கர்கள் நன்றாகச் சாப்பிடுபவர்கள், அதனால் பலன் தெரியவில்லை, நம் கிராமங்களில் சத்துக் குறைவு அதிகம், இங்கே பலிக்கும் என்று வாதிடலாம். அதையும் சோதித்திருக்கிறார்கள். மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்களும் பங்கேற்ற, தென்னிந்தியக் கிராமங்களில் ஏறத்தாழ 800 பேரிடம் ஐந்தாண்டுகள் நடந்த ஆய்வின் முடிவு 2006ல் வெளியானது. வாரம் மூன்று முறை பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். புரை வளர்வதில் வேறுபாடு இல்லை. வைட்டமின் சி ரத்தத்தில் குறைவாக இருப்பவர்களிடம் கண்புரை அதிகம் என்று இந்தியாவின் வடக்கிலும் தெற்கிலும் முதியவர்களைப் பார்த்த மற்றோர் ஆய்வு சொல்கிறது என்பதும் உண்மை. பழமும் காயும் வாழ்நாள் முழுதும் சாப்பிடுவது வேறு, நடுவயதில் மாத்திரை போடுவது வேறு என்றே இந்த இரண்டையும் சேர்த்து நான் புரிந்துகொள்கிறேன். வந்த புரைக்கு அறுவைதான் தீர்வு. 1976ல் பதினொரு படுக்கைகளோடு ஒரு கண் மருத்துவமனை தொடங்கி, ஏழைகளுக்கும் அந்த அறுவை எட்டும்படி செய்து காட்டிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு புரைக்கு மாத்திரை தேட வேண்டியதில்லை.

இனிக் கீரை. மறுபரிசோதனை அன்று மருத்துவர் அம்மாவிடம், “வாரத்துல எத்தனை நாள் கீரை சமைப்பீங்கம்மா?” என்று கேட்டார். அம்மா சற்று யோசித்து, “ரெண்டு பேருக்கு என்னத்த ஆய்ஞ்சுக்கிட்டு” என்றார். எனக்கு அந்தப் பதில் இன்னும் காதில் இருக்கிறது. பிள்ளைகள் இருந்த காலத்தில் வாரம் நான்கு நாள் கீரை கடைந்த வீடு அது. நாங்கள் வெளியூர் போன பிறகு ரசமும் அப்பளமும் ஊறுகாயும் போதும் என்று ஆகியிருந்தது. வயதானவர்கள் இருவர் மட்டும் இருக்கும் எத்தனையோ வீடுகளில் இதுதான் நடக்கிறது. கண் மங்கத் தொடங்கினால் கீரை ஆய்வது மேலும் கடினமாகிறது. கீரை குறைந்தால் கண்ணுக்குப் போக வேண்டியது குறைகிறது.

லூட்டீனை நம் உடல் தானாகச் செய்யாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வந்தது மாகுலாவில் போய்ச் சேர்ந்து அந்த இடத்துக்கே மஞ்சள் நிறம் கொடுக்கிறது. நீல ஒளியை வடிகட்டுகிறது. மாத்திரைக்குள் இருக்கும் லூட்டீன் எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது எனக்கு வியப்பாக இருந்தது: பெரும்பாலும் செண்டுப்பூவின் இதழிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் வீட்டிலிருந்து நிலக்கோட்டைச் சாலையில் போனால் இரு பக்கமும் தெரியும் அதே பூ, ஆயுத பூஜைக்கு மாட்டுத்தாவணியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அதே மஞ்சள். மாத்திரை ஒன்றைக் குத்திப் பார்த்தேன். உள்ளிருந்த குழம்பு, விரலில் பட்டதும் பூக்கட்டுபவர் கைக்கறை போலவே ஒட்டிக்கொண்டது.

அந்த மஞ்சள் கரும்பச்சைக் கீரைக்குள்ளும் இருக்கிறது. பச்சை அதை மூடி மறைத்திருக்கிறது. வேகவைத்த ஸ்பினாச் கீரையில் ஒரு கப், அதாவது 180 கிராமில், லூட்டீனும் சீயாசாந்தினும் சேர்ந்து ஏறத்தாழ 20 மில்லிகிராம் இருக்கும். மாத்திரையில் இருப்பது இரண்டும் சேர்ந்து 12. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை எல்லாமே இலை எவ்வளவு கருத்த பச்சையோ அவ்வளவு நல்லது. பொன்னாங்கண்ணி கண்ணுக்கு நல்லது என்று அம்மாச்சி சொன்னபோது அது வெறும் ஊர்ப்பேச்சாகத் தோன்றியது. சமைக்கும்போது கவனிக்க வேண்டியது எண்ணெய். லூட்டீன் கொழுப்பில் கரையும் பொருள். எண்ணெயே இல்லாமல் அவித்துச் சாப்பிட்டால் பெரும்பகுதி வீணாகும். கடைந்த கீரையில் ஒரு கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுவது சுவைக்காக மட்டும் இல்லை. முட்டை மஞ்சள் கருவில் லூட்டீன் அளவு மிகக் குறைவு, ஆனால் கொழுப்போடு சேர்ந்திருப்பதால் உடல் நன்றாக ஏற்கிறது. சீயாசாந்தினுக்கு மக்காச்சோளம் நல்லது. வைட்டமின் சிக்கு ஆயக்குடிக் கொய்யாவையும் நெல்லிக்காயையும் மிஞ்ச எதுவும் இல்லை. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். கேரட் நல்ல காய்தான், மாலைக்கண் வராமல் காக்கும் வைட்டமின் ஏ சத்துக்கு அது வழி; ஆனால் மாகுலாவுக்குக் கேரட்டைவிடக் கீரையே வேண்டியது. கேரட்டிலும் பீட்டா கரோட்டின் உண்டே என்று அப்பா அஞ்சினார். சாப்பாட்டில் வரும் பீட்டா கரோட்டினால் அந்தக் கேடு காணப்படவில்லை, மாத்திரையாக அதிக அளவில் போட்டபோதுதான் காணப்பட்டது என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார்.

இப்போது நான் மதுரையில் அண்ணா நகர் உழவர் சந்தையில்தான் கீரை வாங்குகிறேன். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை, 1999 நவம்பரில் தொடங்கியது. காலை ஆறு மணிக்குப் போனால் தண்ணீர் தெளித்த ஈரச்சாக்கின் மேல் கட்டுகள் அடுக்கியிருக்கும். வேரில் மண் இன்னும் காயாமல் இருக்கும். எட்டரைக்குப் போனால் இலை துவண்டு, நல்ல கட்டுகள் போயிருக்கும். நான் வழக்கமாக வாங்கும் கீரைக்காரம்மா, முருங்கைக்கீரையைக் கேட்டால் கொழுந்தைக் கொடுக்காமல் முற்றிய பச்சை இலையாகப் பார்த்துக் கொடுக்கிறார். பெற்றோருக்கு வாரம் இரு முறை ஆய்ந்த கீரையை ஈரம் உலர்த்தித் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்புகிறேன். மாதக் கணக்குப் பார்த்தால் கீரைக்கும் கொய்யாவுக்கும் முட்டைக்கும் சேர்த்து மாத்திரைச் செலவைவிடக் குறைவாகவே ஆகிறது, அது இருவருக்குமான செலவு.

கீரைக்கும் மாத்திரைக்குமான சான்று ஒரே தரமானது என்று நான் சொல்லவில்லை. கீரை அதிகம் சாப்பிடுபவர்களிடம் இந்த நோய் குறைவு என்று 1994ல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது முதல் பல ஆய்வுகள் அதே திசையில் வந்திருக்கின்றன. ஆனால் கீரை விரும்பிச் சாப்பிடுபவர்கள் புகையைத் தவிர்ப்பவர்களாகவும், நடப்பவர்களாகவும் இருக்கக்கூடும். எது எதனால் என்று முழுதாகப் பிரித்துச் சொல்வது கடினம். மாத்திரையைச் சீட்டுப் போட்டுப் பிரித்துக் கொடுத்துச் சோதித்தது போலக் கீரையைச் சோதிப்பது எளிதில்லை. மீனிலும் இதே நிலைதான்: மீன் சாப்பிடுபவர்களிடம் நோய் குறைவாகக் காணப்படுகிறது, ஆனால் மீன் எண்ணெய் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்த இரண்டாவது ஏரெட்ஸ் ஆய்வில் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆகவே ஒமேகா மாத்திரைக்குத் தனியாகப் பணம் கொடுப்பதை விட்டுவிட்டு, ராமநாதபுரம் பக்கமிருந்து வரும் மத்தியை வாரம் இரண்டு நாள் குழம்பு வைக்கச் சொல்லிவிட்டேன். முள் எடுக்கக் கண் தெரியவில்லை என்பதால் அப்பா எடுத்துக் கொடுக்கிறார்.

தீட்டிய வெள்ளை அரிசியைத் தட்டு நிறைய வைத்துச் சாப்பிடும் பழக்கத்தைக் குறைப்பதுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவு அதிகமாக உள்ள சாப்பாட்டுக்கும் மாகுலா நோய் வளர்வதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ விழித்திரைக்கு அதுவே தனி ஆபத்து. இரவில் கேழ்வரகு அடையும் முருங்கைக்கீரையும் என்று மாற்றியதில் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்தது. பரோட்டாவும் சால்னாவும் ஞாயிறு இரவுக்கு மட்டும் என்று அப்பாவே ஒப்புக்கொண்டார்.

கீரையிலும் எச்சரிக்கை தேவைப்படுபவர்கள் உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை போடுபவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் கீரையின் பொட்டாசியமும், கல் உண்டாகும் வாகு உள்ளவர்களுக்கு மாத்திரையின் வைட்டமின் சியும் பொருந்தாமல் போகலாம். அவரவர் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

என் மதிப்பீடு இதுதான். முதல் டப்பாவை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் அளவுகள் நான் மேலே சொன்ன ஆய்வுகளில் பயன் காட்டியவை அல்ல, உறுதிமொழிகளோ அளவுக்கு மீறியவை. இரண்டாவதை, விழித்திரையைப் பார்த்து இடைநிலை என்றோ ஒரு கண்ணில் முற்றியிருக்கிறது என்றோ மருத்துவர் சொன்னவர்கள் மட்டும் வாங்கலாம்; விலை அதிகம், மாத்திரை பெரியது, ஆனால் சொன்ன அளவு உள்ளே இருக்கிறது. நாற்பது ஐம்பது வயதில் கண் நன்றாக இருக்கும்போதே முன்னெச்சரிக்கையாகப் போடலாமா என்று என் தோழிகள் கேட்கிறார்கள். அம்மா வழியில் எனக்கும் வர வாய்ப்பிருந்தும் நான் போடவில்லை. அந்தப் பணத்துக்குக் கீரை வாங்குகிறேன், ஆண்டுக்கொரு முறை சொட்டு மருந்து விட்டுக் கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.

சென்ற வாரம் ஊருக்குப் போனபோது, மருந்துக் கடைக்காரரிடம் மருத்துவர் சீட்டின் நகலைக் கொடுத்து, இந்த அளவில் வந்தால் எனக்கு எடுத்து வையுங்கள் என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தட்டிலிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி, லூட்டீன் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு, பீட்டா கரோட்டின் இருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பிறகு, “இதுல எதுவுமே இல்லையேம்மா, சொல்லி வரவழைக்கிறேன்” என்று சீட்டை மேசைக் கண்ணாடிக்கு அடியில் சொருகி வைத்துக்கொண்டார்.